கதவைத் திறக்க வேண்டாம், கடிதத்தைத் திறந்து பாருங்கள்

திருச்சியிலிருந்து லெஸ்டருக்கு முதுகலை படிக்க வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நண்பர்களோடு தங்கியிருக்கும் வாடகை வீட்டுக்கு ஓர் ஆள் வந்து, பழைய மொபைல் பில் பாக்கி 380 பவுன் என்று சொல்லி, சிவப்பு எழுத்தில் ஒரு அட்டையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த முறை வந்தால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாரா, விசாவுக்குச் சிக்கல் வருமா என்பதுதான் கேள்வி.

விசாவை முதலில் முடித்துவிடுவோம். அந்தப் பயத்தில்தான் நம் பிள்ளைகள் பலர் கேட்ட தொகையை வாசலிலேயே கார்டில் தேய்த்துவிடுகிறார்கள். மொபைல் பில், கிரெடிட் கார்டு பாக்கிக்காக விசா ரத்தாகாது. என்ஹெச்எஸ் எனப்படும் அரசு மருத்துவச் சேவையின் மருத்துவமனைக்கு 500 பவுனோ அதற்கு மேலோ கட்டாமல் வைத்திருந்தால் பிற்பாடு விசா விண்ணப்பம் அடிபடலாம். ஆனால் நீங்கள் விசாவோடு சுகாதாரக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வந்தவர், அதனால் அந்த நிலைமை பெரும்பாலும் வராது.

இங்கிலாந்தில் கடனுக்காகக் கதவைத் தட்டுகிறவர்கள் இரண்டு ரகம். ஒன்று, வசூல் கம்பெனி ஆள். அவருக்கு உங்கள் வீட்டில் உள்ள அதிகாரம் பீட்சா கொண்டுவரும் பையனுக்கு உள்ள அதிகாரம்தான். உள்ளே வர முடியாது, ஒரு ஸ்பூனைக்கூட எடுக்க முடியாது, போகச் சொன்னால் போக வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் உங்கள் கடனைப் பற்றிப் பேசக் கூடாது. தன்னை பேலிஃப், அதாவது சட்ட அதிகாரத்தோடு ஜப்தி செய்ய வருகிறவர், என்று காட்டிக்கொள்ளவும் கூடாது. ஊரில் வட்டிக்காரர் தெருவில் நின்று சத்தம் போட்டு மானத்தை வாங்குவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது நம்பச் சற்றுக் கடினம்தான்.

இன்னொரு ரகம் பேலிஃப். இப்போது என்ஃபோர்ஸ்மென்ட் ஏஜென்ட் என்கிறார்கள். கடன் சட்டப்படி உறுதியான பிறகுதான் இவர் வருவார்: கவுன்டி கோர்ட் எனப்படும் சிவில் கோர்ட்டின் தீர்ப்பு, கவுன்சில் டாக்ஸ் (ஊர் நிர்வாகத்துக்கு வீட்டில் குடியிருப்பவர் கட்டும் வரி) பாக்கிக்கான மாஜிஸ்திரேட் உத்தரவு, பார்க்கிங் அபராதம் என்று ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும். வருவதற்குக் குறைந்தது 7 முழு நாளுக்கு முன் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். காலை 6 மணிக்கு முன்போ இரவு 9 மணிக்குப் பின்போ பொதுவாக வரக் கூடாது. நீங்கள் சொல்கிறபடி கோர்ட் கடிதம் எதுவும் வரவில்லை என்றால், வந்தவர் முதல் ரகம்.

சந்தேகம் இருந்தால் கதவை மூடி வைத்துக்கொண்டே கேளுங்கள்: பெயர் என்ன, எந்தக் கம்பெனி, எந்தக் கோர்ட்டின் உத்தரவு? காகிதத்தைக் கதவில் உள்ள தபால் துவாரம் வழியாகப் போடச் சொல்லுங்கள். சான்று பெற்ற பேலிஃப்களின் பட்டியல் அரசு இணையதளத்தில் இருக்கிறது, பெயரைத் தட்டிப் பார்க்கலாம்.

மூடிய கதவு என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் நம் பழக்கம். யார் வந்தாலும் “உள்ள வாங்க, உட்காருங்க, தண்ணி குடிங்க” என்போம். பேலிஃப் விஷயத்தில் அந்த மரியாதைதான் ஆபத்து. சாதாரணக் கடன், கவுன்சில் டாக்ஸ், பார்க்கிங் அபராதம் இவற்றுக்கு முதல் முறை வருகிறவர் பூட்டை உடைக்கவோ உங்களைத் தள்ளிக்கொண்டு நுழையவோ முடியாது. ஆனால் திறந்து கிடக்கும் கதவு வழியாக அமைதியாக நடந்து வரலாம். பின்பக்கக் கதவையும் சேர்த்தே சொல்கிறேன். வந்தபின் டிவி, லேப்டாப் என்று பட்டியல் எழுதி, தவணையில் கட்டுவதாக உங்களிடம் கையெழுத்து வாங்கிவிட்டால், தவணை தவறும்போது பூட்டை உடைத்து நுழையும் வழி அவருக்குக் கிடைத்துவிடும். கிரிமினல் கோர்ட் அபராதம், அரசு வரி பாக்கி வேறு கதை, அவற்றில் முதலிலேயே பலத்தைப் பயன்படுத்த வாய்ப்பு உண்டு.

உள்ளே வந்தாலும் எல்லாவற்றையும் எடுக்க முடியாது. உடுப்பு, படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் தொடக் கூடாது. வேலைக்கோ படிப்புக்கோ தேவையான பொருள்கள் மொத்தம் 1,350 பவுன் வரை தப்பும். லேப்டாப்புக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. ரூம்மேட்டின் பொருளையும் தொடக் கூடாது, ரசீது இருந்தால் காட்டலாம். வெளியே நிற்கும் உங்கள் கார்தான் சுலபமாக மாட்டும், சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள்.

சரி, அந்த 380 பவுன் உங்களுடையதுதானா? கிழக்கு லண்டனில் எங்கள் முதல் வாடகை வீட்டுக்கு, அங்கே முன்பு குடியிருந்தவர்கள் பெயரில் வாரம் தவறாமல் இப்படிக் கடிதம் வரும். உறையின் மேல் “இந்த முகவரியில் இல்லை” என்று எழுதித் தபால் பெட்டியில் திருப்பிப் போடுவோம். ஒரு முறை ஆளே வந்தார். துவாரம் வழியாக வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைக் காட்டினேன், குனிந்து தேதியைப் பார்த்து டேப்லெட்டில் ஏதோ குறித்துக்கொண்டு போனார், அப்புறம் வரவில்லை.

உங்கள் பெயர்தான் என்றால், கடனுக்கு ஆதாரம் கேட்டு அந்தக் கம்பெனிக்கு எழுதுங்கள், இனி எழுத்தில் மட்டும் தொடர்புகொள்ளச் சொல்லுங்கள். ஆதாரம் வரும்வரை ஃபோனில் ஒப்புக்கொள்ள வேண்டாம், பத்து பவுன் “நல்லெண்ணத்துக்காக” கட்டவும் வேண்டாம்.

கடன் வழக்குகளைக் கையாளும் கோர்ட் மையம் இருக்கும் நார்தாம்டனிலிருந்து கோர்ட் படிவம் வந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். பதில் தர 14 நாள்தான், படிவம் கிடைத்தது என்று தெரிவித்தால் 28 நாள் ஆகும். விட்டுவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலேயே தீர்ப்பு எதிராகப் போய் 6 வருடம் பதிவேட்டில் உங்கள் பெயரில் நிற்கும், வீடு வாடகைக்கு எடுக்கும்போது தெரியும். ஒரு மாதத்துக்குள் முழுதாகக் கட்டினால் நீக்கிவிடுவார்கள். கட்ட முடியாத நிலை என்றால் ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெப்ட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற மூன்று ஆலோசனை அமைப்புகளும் இலவசம். அவர்கள் வழியாக 60 நாள் மூச்சுவிடும் அவகாசமும் (அதுவரை கடன்காரர்கள் வசூலுக்கு வரக் கூடாது) கேட்கலாம், 2021 மே மாதத்திலிருந்து அது சட்டம்.

கூடவே ஒரு வேலை: வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் கவுன்சில் டாக்ஸ் கிடையாது, ஆனால் கல்லூரிச் சான்றை நீங்கள் அனுப்பினால்தான் கவுன்சிலுக்குத் தெரியும். நம் பிள்ளைகள் வீட்டுக்கு நிஜ பேலிஃப் வருவது பெரும்பாலும் இதை அனுப்பாமல் விட்டதால்தான். இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.