‘தக் லெங்காப்’ என்றால் எது குறை? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்கள் எல்லாமே அரசாங்க, அஞ்சலகக் கவுன்டர்களைப் பற்றியவை. ‘தக் லெங்காப்’, அதாவது ‘பத்திரம் முழுமையாக இல்லை’ என்ற மலாய்ச் சொல்லைக் கேட்டுத் திரும்பியவர்கள் பலர். தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஒரு நடை போய்வந்தால் அரை நாள் கூலி போகிறது. மூன்று நடை அலைந்தவருக்குக் கோபம் வராமல் இருக்குமா? கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வேலை எந்த இடத்தில் சிக்கியது என்று பார்ப்போம்.

கேள்வி: அப்பா நாற்பது வருஷம் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். ஒரு கவுன்டரில் கட்டைவிரல் வைக்கச் சொன்னார்கள். கருவி ஏற்கவில்லை. ‘இன்னொரு நாள் வாங்க’ என்று மூன்று தடவை அனுப்பிவிட்டார்கள். இன்னொரு நாள் போனால் மட்டும் ரேகை முளைத்துவிடுமா?
– வாசகி, பேராக்

பதில்: ஒரு வகையில் முளைக்கும், அம்மா. ரேகையின் வடிவம் தோலின் அடிப்பகுதியில் இருக்கிறது. தேய்வது மேல்தோல்தான். உளிப் பிடி உராய்வதாலும், பால் உறைய ஊற்றும் ஃபோர்மிக் ஆசிட் படுவதாலும் மேல்தோல் வழவழவென்று ஆகிவிடும். கையை வேலையிலிருந்து சில வாரம் விலக்கி வைத்தால் ஓரளவு திரும்ப வரும். செம்பனை வெட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான். வயதானவர்களுக்குத் தோல் வறண்டுபோவதும் சேர்ந்துகொள்கிறது.

கருவி எதை எதோடு ஒப்பிடுகிறது என்று தெரிந்தால் பாதி குழப்பம் தீரும். மைகார்டு என்ற நம் அடையாள அட்டையின் (ஐசி) சில்லுக்குள் இரண்டு கட்டைவிரல் ரேகையும் பதிவாகியிருக்கும். வைத்த விரலை அந்தப் பதிவோடுதான் பொருத்திப் பார்க்கிறார்கள். ஆள்காட்டி விரலை வைத்துப் பிரயோசனம் இல்லை. வலது ஏற்கவில்லையா, உடனே இடதைக் கேளுங்கள். மரம் வெட்டும்போது ஒரு கைதான் அதிகம் தேயும், மற்றது தப்பியிருக்கலாம்.

போவதற்கு முந்தின இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஊறவைத்து, தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள். காலையில் சோப்பு போட்டு எண்ணெயைச் சுத்தமாகக் கழுவிவிட வேண்டும். எண்ணெய் ரேகையின் பள்ளத்தை அடைத்துவிட்டால் கருவிக்கு ஒன்றும் தெரியாது. ஏர்கான் அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் விரல் மறுபடியும் காய்ந்துவிடும், அதனால் நம்பர் கூப்பிட்டதும் ஈரத் துணியில் ஒரு முறை ஒற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். நகத்தின் அருகே உள்ள நுனியை வைக்கக்கூடாது. கட்டைவிரலின் சதைப்பற்றான நடுப்பகுதி கண்ணாடியில் படியவேண்டும். அழுத்தி வைத்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்தினால் ரேகை நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெதுவாக வைத்து, இரண்டு மூன்று விநாடி அசையாமல் இருந்தால் போதும்.

இதற்கும் மசியவில்லை என்றால் ‘நாளைக்கு வாங்க’ என்ற பதிலோடு திரும்பாதீர்கள். ரேகை பதியாதவர்களை வேறு எப்படிச் சரிபார்க்கிறீர்கள், அதை முடிவு செய்கிற அதிகாரி யார் என்று கேளுங்கள். கவுன்டரில் இருப்பவருக்கு அந்த அதிகாரம் இல்லாமல் இருக்கலாம், பின்னால் இருக்கும் மேற்பார்வையாளருக்கு இருக்கும். விரல் பலமுறை தோற்ற விவரத்தை அன்றே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் இருக்கும் அத்தைக்கு இரண்டு புடவையும் மருந்தெண்ணெயும் அனுப்பினேன். மூன்று வாரமாக நம்பரைத் தட்டினால் ‘தகவல் இல்லை’ என்றே வருகிறது. கவுன்டரில் கேட்டால் ‘காத்திருங்கள்’ என்கிறார்கள்.
– வாசகர், சிலாங்கூர்

பதில்: முதலில் நம்பர் சரிதானா என்று நீங்களே சோதித்துவிடலாம். அனைத்துலக அஞ்சல் எண் 13 இடம் கொண்டது. முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் 9 இலக்கம், கடைசியில் நாட்டின் எழுத்து. மலேசியாவுக்கு எம்ஒய். அந்த 9 இலக்கத்தில் கடைசியானது காவல்காரன். முதல் எட்டையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழித்தால் கடைசி இலக்கம் வரவேண்டும். விடை 10 என்றால் 0, 11 என்றால் 5 என்று வைத்துக்கொள்வார்கள்.

120546314 என்ற எண்ணைப் பாருங்கள். 8, 12, 0, 10, 12, 30, 27, 7. கூட்டினால் 106. 11-ஆல் வகுத்தால் மீதி 7. பதினொன்றில் ஏழு போனால் 4. கடைசி இலக்கமும் 4, ஆக எண் சரி. உங்கள் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் பார்சல் தொலையவில்லை, எண்ணை எழுதும்போது ஓர் இலக்கம் மாறிவிட்டது. மங்கிய ரசீதில் 3-ம் 8-ம், 1-ம் 7-ம் அடிக்கடி ஏமாற்றும்.

எண் சரியாக இருந்தால், அதே எண்ணை இந்திய அஞ்சல் துறையின் தளத்திலும் போட்டுப் பாருங்கள். இங்கிருந்து விமானம் ஏறிய பிறகு அங்கே சுங்கத்தில் பதிவாகும்வரை இரண்டு பக்கமும் மௌனம்தான்.

தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் சுங்கப் பாரத்தில் இருக்கும். ‘அன்பளிப்பு’, ‘வீட்டுப் பொருள்’ என்று எழுதினால் திறந்து பார்க்காமல் விடமாட்டார்கள். ‘பருத்திப் புடவை 2’ என்று பொருள், எண்ணிக்கை, எடை, மதிப்பு எல்லாம் தனித்தனியாக எழுதவேண்டும். பொருள் அடங்கிய அஞ்சலுக்கு இந்த விவரம் மின்னியல் வழியில் முன்கூட்டியே போகவேண்டும் என்ற விதி 2021 ஜனவரியில் வந்தது. கையால் எழுதிக் கொடுத்தாலும் கவுன்டரில் அதைக் கணினியில் ஏற்றுகிறார்களா என்று நின்று பாருங்கள். பெறுபவரின் கைப்பேசி எண்ணையும் விடாதீர்கள். எண்ணெய் விஷயம் வேறு. திரவத்துக்கு விமானக் கட்டுப்பாடு உண்டு, பாட்டில் உடைந்தால் புடவையும் போச்சு. அடுத்த முறை அதைத் தனியாக விசாரித்த பிறகு அனுப்புங்கள்.

விசாரணை மனு கொடுக்கவேண்டியவர் அனுப்பிய நீங்கள்தான், அத்தை அல்ல. அனைத்துலக விதிப்படி அனுப்பிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். ‘காத்திருங்கள்’ என்ற சொல்லை நம்பி அந்த 6 மாதத்தைக் கரைத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஐசியில் ஒரு எழுத்து, பிறப்புப் பத்திரத்தில் வேறு எழுத்து, சேமநிதியில் மூன்றாவது எழுத்து. எதைத் திருத்துவது?
– வாசகர், கெடா

பதில்: பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்ததை அவர் மொழி வழக்கப்படி எழுதினார். தோட்டத்துக் கிராணி (குமாஸ்தா) தன் வழக்கப்படி எழுதினார். பிழை உங்களுடையது இல்லை, நடை மட்டும் உங்களுடையது.

எல்லாக் கவுன்டரும் முதலில் படிப்பது ஐசியைத்தான். ஐசி பிறப்புப் பத்திரத்தோடு ஒத்திருந்தால், மற்ற இடங்களை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஐசிக்கும் பிறப்புப் பத்திரத்துக்கும் வேறுபாடு என்றால் முதலில் தேசியப் பதிவிலாகாவில் அதை முடிக்கவேண்டும். ஓர் எழுத்து வித்தியாசத்துக்கு, ‘இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது’ என்ற சத்தியப் பிரமாணத்தைப் பெசுருஜாயா சும்பா (சத்தியப் பிரமாண ஆணையர்) முன்னிலையில் எடுத்துக் கொடுத்தால் பல இடங்களில் ஏற்பார்கள். எல்லா இடத்திலும் அல்ல, கேட்ட பிறகு எடுங்கள். வங்கிக் கணக்கில் ‘ஏ/எல்’ (மகன்) அல்லது ‘ஏ/பி’ (மகள்) விடுபட்டிருந்தாலும் பணம் திரும்பிப் போகலாம், அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

பழைய தொழிலாளர்களுக்கு இன்னொன்று. 12 இலக்க ஐசி எண் 1990-இல்தான் வந்தது. அதற்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர்களின் சேமநிதி பழைய எண்ணில் தனிக்கணக்காகக் கிடக்கக்கூடும். பழைய எண்ணையும் சொல்லி, கணக்குகளை ஒன்றாக்கச் சொல்லுங்கள். விட்டுப்போன சந்தா சில சமயம் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: வெள்ளிக்கிழமை மத்தியானம் போனால் எப்போதும் பூட்டிக் கிடக்கிறதே?

பதில்: தீபகற்பத்தில் சனி, ஞாயிறு விடுமுறை உள்ள மாநிலங்களில் அரசாங்க அலுவலகங்களின் வெள்ளிக்கிழமை இடைவேளை 12.15 முதல் 2.45 வரை. கெடா, கிளந்தான், திரங்கானுவில் விடுமுறை வெள்ளியும் சனியும். ஜொகூர் 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. தோட்டச் சம்பளம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வரும் என்பதால் அதை ஒட்டிய நாள்களில் கூட்டம். மாத நடுவில், செவ்வாய் அல்லது புதன் காலை போனால் நல்லது.

கேள்வி: மகன் ஐசியைத் தொலைத்துவிட்டான். போலீஸ் ரிப்போர்ட் தேவையா?

பதில்: எப்படித் தொலைந்தது என்பதைப் பொறுத்தது. கவனக்குறைவு என்றால் முதல் தடவை 100 வெள்ளி (ரிங்கிட்), இரண்டாம் தடவை 300, மூன்றாம் தடவையிலிருந்து 1,000. வழிப்பறி, கொள்ளை, வெள்ளம், தீ போன்ற காரணத்தால் போயிருந்தால் போலீஸ் புகாரைக் காட்டிக் கட்டண விலக்குக் கேட்கலாம். பதிவிலாகாவுக்குப் போகும் முன்பே புகார் செய்யுங்கள், காரணம் அதில் தெளிவாக இருக்கவேண்டும். ‘பறிக்கப்பட்டது’ என்பதற்குப் பதிலாக ‘தொலைந்தது’ என்று எழுதிவிட்டால் விலக்குக் கேட்பது சிரமம்.

கேள்வி: தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் பாதி திரும்பிப் போகின்றன.

பதில்: லயத்து வீட்டுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வெறும் தோட்டப் பெயர் போதாது. வீட்டு எண், லயம், டிவிஷன், தோட்டம், பிறகு அஞ்சல் குறியீடும் ஊரும். சுங்கை சிப்புட் என்றால் 31100. ஒரே தோட்டத்தில் இரண்டு டிவிஷன் இருந்தால் அதே வீட்டு எண் இரண்டு தடவை வரும், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கடிதங்கள் தோட்ட ஆபீசில் மொத்தமாகப் போடப்பட்டால், அங்கே யார் பிரிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பதிவு அஞ்சல் சீட்டு வந்தால் அதில் குறித்த நாளுக்குள் ஐசியோடு போங்கள். வேறொருவரை அனுப்பினால் உங்கள் ஐசி நகலும் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் தேவைப்படும்.

கேள்வி: புகார் செய்தால் யாராவது படிக்கிறார்களா?
– வாசகர், நெகிரி செம்பிலான்

பதில்: சரியான இடத்துக்குப் போனால் படிக்கிறார்கள். பலர் இடத்தையே தவறவிடுகிறார்கள். போஸ் மலேசியா 1992-இல் நிறுவனமாக்கப்பட்டது, அது இப்போது அரசாங்க இலாகா அல்ல. எனவே அஞ்சலகக் குறையை முதலில் அந்த நிறுவனத்திடமே கொடுத்துப் புகார் எண் வாங்கவேண்டும். பதில் வரவில்லை என்றால் அந்த எண்ணோடு தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியிடம் போகலாம். 2012ஆம் ஆண்டு அஞ்சல் சேவைச் சட்டப்படி அஞ்சல் துறையைக் கண்காணிப்பது அதுதான். பதிவிலாகா, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) போன்ற இலாகாக்களுக்கு சிஸ்பா என்ற இணையப் புகார் முறை இருக்கிறது, அந்தந்த இலாகாவுக்கு உரிய பக்கத்தில் போடவேண்டும்.

‘மரியாதை இல்லை, மோசம்’ என்று எழுதினால் மன்னிப்புக் கடிதம் ஒன்று வரும், அவ்வளவுதான். தேதி, நேரம், கவுன்டர் எண், வரிசைச் சீட்டு எண், கேட்ட பத்திரம், நீங்கள் கொடுத்த பத்திரம், கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பது ஒரே வரியில். ஒரு புகாரில் ஒரு விஷயம். சுவரில் பியாகம் பெலாங்கான் (வாடிக்கையாளர் சாசனம்) மாட்டியிருந்தால் அதில் எழுதியுள்ள நிமிடக் கணக்கைப் படம் எடுத்து இணையுங்கள். அவர்கள் தாங்களே கொடுத்த வாக்கு அது, மறுப்பது கடினம்.

‘தக் லெங்காப்’ என்றால் அங்கேயே ‘செனாராய் செமாக்’ என்ற சரிபார்ப்புப் பட்டியலைக் கேளுங்கள். குறைகிற பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் அதில் கோடிட்டுத் தரச் சொல்லுங்கள். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று நீளும் அலைச்சல் அந்தத் தாளில் நிற்கும். வரிசைச் சீட்டும் ரசீதும் பெரும்பாலும் வெப்பத் தாளில் அச்சாகின்றன, சட்டைப் பையில் வைத்தால் சில வாரத்தில் வெளுத்துவிடும். வெளியே வந்ததும் போனில் படம் எடுத்துவிடுங்கள்.