மழை இரவில் வீட்டுக்குள் இருந்து பார்க்க, பலர் தவறவிட்ட சில தமிழ்ப் படங்கள்

கேள்வி: வெளியே போக முடியாத இரவில் வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்க, அதிகம் பேசப்படாத, உங்கள் மனத்துக்கு நெருக்கமான படங்கள் எவை?

நான் கடலூர், மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால் போதும், பொழுது சாய்ந்ததும் வீடடைந்து கிடக்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட இரவுகளுக்கென்று எனக்கு ஒரு தனி விருப்பம் உண்டு. படத்தின் கதையும் ஒரு வீட்டுக்குள்ளேயோ ஒரு வீட்டைச் சுற்றியோ நடக்க வேண்டும். அந்தக் கணக்கில்தான் இந்தப் படங்களைச் சொல்கிறேன்.

முதலிடம் பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988). தேசிய விருது பெற்ற படம்தான். இருந்தாலும் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் பலர், முழுதாகப் பார்த்தவர்கள் சிலர். குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். தங்கையையும் தாத்தாவையும் வைத்துக்கொண்டு, அலுவலகத்துக்குப் போய் வரும் சுதா, தாத்தாவுக்குச் சொந்தமான மனையில் வீடு கட்டத் துணிகிறாள். கதை இவ்வளவுதான். ஆனால் வீடு கட்டிப் பார்த்தவர்கள் யாராலும் இதைச் சாவகாசமாக உட்கார்ந்து பார்க்க முடியாது. பணம் புரட்டுவது, கடனுக்கு அலைவது, அனுமதிக்காக நிற்பது, கடைக்கால் எழும்புவதற்குள் பாதிக் காசு கரைவது என்று ஒவ்வொன்றும் நமக்கு நடந்ததுபோலவே இருக்கும். பாலு மகேந்திரா சிறுவனாக இருந்தபோது அவருடைய தாய் வீடு கட்டிய நாட்களின் நினைவிலிருந்து பிறந்த படம் இது.

காண்ட்ராக்டர் சிமெண்ட் மூட்டைகளைத் திருட்டுத்தனமாக விற்பதைச் சித்தாள் மங்கம்மா போட்டு உடைக்கும் இடம் ஒன்று வரும். என் அம்மா எங்கள் வீட்டு வேலை நடந்தபோது தினமும் மூட்டைகளை எண்ணிக் கணக்கு வைத்தவர். அந்தக் காட்சியில் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. “பார்த்தியா, நான் அன்னைக்கே சொல்லலையா?” என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அதன் பிறகு படம் முடியும் வரை இருவரும் பேசவே இல்லை. மங்கம்மாவாக நடித்தவர் ‘பசி’ சத்யா. கதாநாயகி சுதாவுக்குச் சமமாக என் மனத்தில் நிற்பவர் அவர்தான்.

அடுத்து, தாத்தா. சொக்கலிங்க பாகவதர் நடித்திருக்கிறார். பாதி கட்டிய வீட்டைத் தன் கண்ணால் பார்க்க அவர் தனியாகக் கிளம்பி வரும் காட்சிக்காகவே படத்தை இன்னொரு முறை பார்க்கலாம். பூசாத செங்கல் சுவரைத் தொட்டுப் பார்க்கிறார், இன்னும் அறையாகாத அறைகளுக்குள் நடக்கிறார். வசனம் எதுவும் தேவைப்படவில்லை. படத்தில் பாட்டே கிடையாது. இளையராஜா தனியாக வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்’ தொகுப்பிலிருந்து எடுத்த இசைதான் ஒலிக்கிறது. அர்ச்சனாவுக்கு இந்தப் படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.

‘வீடு’ பிடித்துப்போனால் மறுநாள் இரவுக்குச் செழியனின் ‘டூ லெட்’ பாருங்கள். 2007ஆம் ஆண்டுச் சென்னையில், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகி வாடகை ஏறிய காலத்தில், ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட ஒரு குடும்பம். கணவன், மனைவி, ஒரு சின்னப் பையன். பின்னணி இசை இல்லை. மின்விசிறிச் சத்தமும் தெருச் சத்தமும்தான். அவர்கள் இன்னும் குடியிருக்கும்போதே அடுத்து வாடகைக்கு வர நினைப்பவர்கள் உள்ளே வந்து அறை அறையாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த அவமானத்தை யாரும் குரலை உயர்த்தாமல் காட்டியிருக்கும் விதம் என்னை நிலைகுலைய வைத்தது. கணவனுக்குச் சினிமாவில் வேலை என்பதாலேயே கதவு சாத்தப்படுவதும் உண்டு.

மனம் கனக்க வேண்டாம், விறுவிறுப்பாக ஏதாவது வேண்டும் என்றால் ‘அந்த நாள்’ (1954). ஏவி.எம். தயாரிப்பு, இயக்கம் எஸ். பாலசந்தர். 1943இல் ஜப்பான் குண்டு வீசிய சென்னை. ஒரு துப்பாக்கிச் சத்தம். ரேடியோ என்ஜினியர் ராஜன் தன் வீட்டிலேயே செத்து விழுகிறான். அந்த ராஜன் சிவாஜி கணேசன்! முதல் காட்சியிலேயே கதாநாயகனைக் கொன்றுவிட்டுக் கதையைத் தொடங்கும் துணிச்சல் இன்றைக்கும் எத்தனை பேருக்கு வரும்? பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி உஷா என்று ஒவ்வொருவரும் சொல்லும் ராஜன் வேறு வேறு ஆளாக இருக்கிறான். பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம் இது. அதை எடுத்தவர் பின்னாளில் வீணைக் கலைஞராகவே உலகறிந்தவர் என்பது எனக்குத் தீராத வியப்பு. உஷாவாக வரும் பண்டரிபாயை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். காரணத்தைச் சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் தன் நாவலுக்குத் தானே திரைக்கதை எழுத, பீம்சிங் இயக்கிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. எல்லாம் ஒரு மழையில் தொடங்குகிறது. பஸ்ஸுக்காக நனைந்துகொண்டு நிற்கும் மாணவி கங்கா, பக்கத்தில் வந்து நிற்கும் கார். அந்த ஒரு மாலைக்குப் பிறகு ஊரும் உறவும் அவளுக்கு என்ன தீர்ப்பு எழுதின, அவள் அந்தத் தீர்ப்பை எப்படி எதிர்கொண்டாள் என்பதே மீதி. லட்சுமி நடித்த படங்களில் இதற்கு மேல் எதையும் நான் வைக்க மாட்டேன். எழுத்தாளராக வரும் நாகேஷைப் பார்க்கும்போது நகைச்சுவை நாகேஷ் நினைவுக்கே வர மாட்டார்.

கே.எஸ். சேதுமாதவனின் ‘மறுபக்கம்’ படத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சி வெயில்’ குறுநாவல்தான் மூலம். இந்தியாவின் சிறந்த படத்துக்கான தங்கத் தாமரை விருதை முதன்முதலில் தமிழுக்கு வாங்கித் தந்தது. சிவகுமார் நடித்திருக்கிறார். நல்ல பிரதி கிடைத்தால் விடாதீர்கள்.

இன்று இரவே ஒன்று வேண்டும் என்றால், வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் ‘அந்த நாள்’ போடுங்கள், கொலை செய்தது யார் என்று பந்தயம் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். பெரியவர்கள் மட்டும் என்றால் ‘வீடு’. வறுத்த மல்லாட்டையை (வேர்க்கடலையை) தட்டில் எடுத்துக்கொண்டு, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். ‘டூ லெட்’ படத்தை மட்டும் மழை கொஞ்சம் ஓய்ந்த பிறகு போடுங்கள். அதில் வரும் சின்னச் சின்னச் சத்தங்கள் காதில் விழ வேண்டும்.