பச்சைப் புள்ளி இருந்தால் மாப்பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் வர்ஜீனியாவில் இருக்கிறார்கள். அங்கே உண்ணி கடித்ததிலிருந்து மாப்பிள்ளைக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி சேருவதில்லை. ஆல்ஃபா-கால் ஒவ்வாமை என்று டாக்டர் சொன்னாராம். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார்கள். பாக்கெட் தின்பண்டங்களைப் பச்சைப் புள்ளி பார்த்து வாங்கினால் போதுமா? நம் பலகாரங்கள் கொடுக்கலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: பச்சைப் புள்ளி பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்லும், ஆச்சி.

ஆல்ஃபா-கால் என்பது ஆடு, மாடு, பன்றி போன்ற பாலூட்டிகளின் உடலில் உள்ள ஒருவகைச் சர்க்கரை. கோழி, மீன், முட்டையில் கிடையாது. கறியில் மட்டுமல்ல, கொழுப்பிலும், மிருகத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினிலும், பாலிலும்கூட அது வரலாம். நம் நாட்டுச் சட்டத்தில் பாலும் நெய்யும் சைவக் கணக்கு. அதனால் பச்சைப் புள்ளி இருந்தால் ஜெலட்டினும் மிருகக் கொழுப்பும் சேர்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பால் பவுடர் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே முதலில் மாப்பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: பால், நெய் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரா? இந்த ஒவ்வாமை உள்ள பலருக்குப் பால் ஒன்றும் செய்வதில்லை. சேரும் என்றால் உங்கள் வேலை சுலபம். சேராது என்றால் பாக்கெட்டில் பொருள் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒவ்வாமை அறிவிப்பைத் தேடுங்கள். பால் இருந்தால் அங்கே சொல்லியாக வேண்டும். பிஸ்கட் மட்டுமில்லை, சீஸ், கிரீம் வாசனை போட்ட சிப்ஸிலும் பால் பவுடர் இருக்கும். கறிக்கு அந்தக் கட்டாய ஒவ்வாமைப் பட்டியலில் இடமே இல்லை. அதனால் பொருள் பட்டியலை முழுக்கப் படிக்காமல் தீராது. அதில் கராஜீனன் அல்லது 407 என்ற எண் கண்ணில் பட்டால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கடல்பாசியில் எடுப்பதுதான், ஆனால் அதிலும் இந்தச் சர்க்கரை உண்டு.

அசைவத்துக்கான பழுப்பு முக்கோணத்தைக் கண்டு பயந்துவிடவும் வேண்டாம். முட்டை போட்ட கேக்குக்கும் அதே குறிதான்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து உறவுக்காரர்கள் பெட்டியில் கொண்டுவரும் மிட்டாய்தான் எனக்குக் கவலை. அவற்றில் நம் ஊர்ப் புள்ளி இருக்காது. கம்மி மிட்டாய், மார்ஷ்மெல்லோ பெரும்பாலும் ஜெலட்டினில் செய்பவை. ஹலால் முத்திரை இருந்தால் பன்றி இல்லை, சரி. மாட்டு ஜெலட்டின் இருக்கலாமே.

அப்புறம் நம் பலகாரம். பால் சேரும் என்றால் யோசிக்கவே வேண்டாம். சேராது என்றால் நெய் இல்லாத மாவுருண்டைக்கு எங்கே போவது? அதை விட்டுவிடுங்கள். தேன்குழலுக்கும் கைமுறுக்குக்கும் வெண்ணெய்க்குப் பதில் காய்ச்சிய எண்ணெய் விட்டுப் பிசைந்து, புதுக் கடலை எண்ணெயில் சுட்டுத் தரச் சொல்லி ஆர்டர் கொடுங்கள். “எல்லாம் சுத்தமான நெய் ஆச்சி” என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னால், அடுத்த கடை பாருங்கள்.

தின்று அரைமணி நேரம் ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாகிவிடாதீர்கள். இது பெரும்பாலும் 2 முதல் 6 மணி நேரம் கழித்துத்தான் காட்டும். இரவில் தின்றதற்கு நடுச்சாமத்தில் உடம்பெல்லாம் தடிக்கும், வயிறு வலிக்கும். மூச்சுத் திணறினாலோ மயக்கம் வந்தாலோ உடனே 108. அன்றைக்குப் பிரித்த பாக்கெட் உறைகளையும் பில்லையும் மறுநாள் வரை எறியாதீர்கள். டாக்டருக்குக் காட்ட உதவும். உறையில் சொல்லாத பொருள் உள்ளே இருந்ததாகத் தெரிந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லவும் அதுதான் ஆதாரம்.