அலுவலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கலாமா? – மதிப்பீட்டு நெறி: கேள்வி பதில்

கேள்வி: கடந்த ஆண்டு வரை நான் பணியாற்றிய தொண்டு நிறுவனமே தனது வாழ்வாதாரத் திட்டத்தை மதிப்பிட அழைக்கிறது. ஏற்கலாமா? (களுவாஞ்சிக்குடி)

பதில்: அத்திட்டத்தை வகுத்ததிலோ நடத்தியதிலோ உங்களுக்குப் பங்கிருந்தால் ஏற்க வேண்டாம். இல்லையெனில், ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன்பே பழைய தொடர்பை எழுத்தில் தெரிவியுங்கள்.

கேள்வி: எத்தனை வீடுகளைப் பார்த்தால் போதும்? (அக்கரைப்பற்று)

பதில்: எந்தத் திட்டம், எத்தனை பயனாளிகள், எதை அறிய வேண்டும் என்ற மூன்றையும் எழுதாமல் எண்ணிக்கையை மட்டும் கேட்பது பொறுப்பான கேள்வியன்று. ஆயிரக்கணக்கானோர் பயன்பெற்ற திட்டத்துக்கு ஏறத்தாழ 400 பேர் கொண்ட எழுமாற்று மாதிரி (குலுக்கல் போல, விருப்பு வெறுப்பின்றித் தெரிவுசெய்த சிலர்) போதலாம். அறுபது குடும்பங்களுக்குக் கிணறு கட்டிக் கொடுத்த திட்டமென்றால் அறுபதையும் பாருங்கள்.

கேள்வி: நிறுவனத்தின் கள உத்தியோகத்தரே வீடுகளைக் காட்டி, நேர்காணலிலும் உடனிருக்கிறார். நேரம் மிச்சமாகிறது. இதில் பிழை உண்டா? (வாழைச்சேனை)

பதில்: உண்டு. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நான் காணும் பிழைகளில் இதுவே மிகக் கேடானது. அடுத்த கடனுக்கோ வீட்டுத்திட்டத்துக்கோ பெயரைப் பரிந்துரைக்கப் போகிறவர் திண்ணையில் அமர்ந்திருக்கும்போது, கடன் தவணைக்காகத் தோட்டை அடகு வைத்த பெண் "எல்லாம் நல்லம்" என்றுதான் சொல்வாள். அதைப் பதிந்துகொண்டு திட்டம் வெற்றி என்று எழுதினால், அவளுடைய அச்சத்தையே சான்றாக்கிவிடுகிறோம். அமெரிக்க மதிப்பீட்டாளர் சங்கம் 2018இல் திருத்தி வெளியிட்ட ஐந்து கோட்பாடுகளில் முறையான ஆய்வு, நேர்மை, மக்களுக்கான மதிப்பு ஆகிய மூன்றும் இந்த ஒரு செயலால் மீறப்படுகின்றன. முழுப் பயனாளிப் பட்டியலையும், இடையில் விலகியோரின் பெயர்களையும் கேட்டு வாங்கி, வீடுகளை நீங்களே எழுமாற்றாகத் தெரிவுசெய்யுங்கள். உத்தியோகத்தர் ஊரின் எல்லை வரை வழிகாட்டட்டும், வீட்டுக்குள் வர வேண்டாம். அம்பாறையில் சிங்களக் கிராமமோ தமிழ்க் கிராமமோ, மொழிபெயர்ப்பாளரும் அந்நிறுவனத்தைச் சேராதவராக இருக்க வேண்டும். பேச மறுத்தாலும் உதவி நிற்காது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். அந்த உறுதியை நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பெற்ற பின்பே சொல்லுங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் படிவங்களோடு வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சலித்த மக்கள் இவர்கள். அவர்களுடைய ஒரு மணி நேரத்தைப் பெறுகிறவர் உண்மையைக் கேட்கும் ஏற்பாட்டையாவது செய்திருக்க வேண்டும்.

கேள்வி: வரைவு அறிக்கையில் பாதகமான பகுதியை நீக்கினால்தான் இறுதிக் கொடுப்பனவு என்கிறார் பணிப்பாளர். (சம்மாந்துறை)

பதில்: தரவுப் பிழையைச் சுட்டினால் திருத்துங்கள், முடிவை மாற்ற வேண்டாம். அவருடைய மறுப்பைப் பின்னிணைப்பாகச் சேர்க்கலாம். கொடுப்பனவு முடிவுகளின் சாதக பாதகத்தைச் சார்ந்ததன்று என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் பெற்றிருக்க வேண்டும்.

கேள்வி: பெயரை மறைத்தால் இரகசியம் காத்ததாகுமா? (திருக்கோவில்)

பதில்: ஆகாது. சிறிய ஊரில் "தையல் கடை நடத்தும் விதவை" என்று எழுதினாலே ஆள் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். தொழில், வயது, கிராம சேவையாளர் பிரிவு மூன்றையும் ஒருங்கே எழுதாதீர்கள். புகைப்படத்தை வெளியிடத் தனியாகச் சம்மதம் பெறுங்கள், அதுவும் எழுத்தில்.