டைட்டானிக்கில் உயிர் தப்பிய பயணி ஒருவரின் பிற்கால வாழ்க்கை எப்படி இருந்தது?

டைட்டானிக் என்றாலே எல்லோரும் அந்த இரண்டு மணி நாற்பது நிமிடத்தைத்தான் பேசுவார்கள். இரவு 11.40க்குப் பனிப்பாறை, 2.20க்குக் கப்பல் காலி, விடியும்போது கார்பேத்தியா வந்து படகில் இருந்தவர்களை ஏற்றிக்கொண்டது, அத்துடன் கதை முடிந்தது. கேள்வி கேட்டவர் அதற்கு அப்புறம் என்ன ஆனது என்று கேட்டிருக்கிறார். எனக்கு டென்னிஸ் கிறுக்கு உண்டு, அதனால் என் பதில் ஒரு டென்னிஸ்காரரைப் பற்றித்தான் இருக்கும். பெயர் ரிச்சர்ட் நோரிஸ் வில்லியம்ஸ். டென்னிஸ் விடாமல் பார்ப்பவர்களில்கூடப் பாதிப் பேருக்கு இவரைத் தெரியாது.

1891 ஜனவரியில் ஜெனீவாவில் பிறந்தவர். பெற்றோர் அமெரிக்கர்கள். அப்பா சார்ல்ஸ் டுவேன் வில்லியம்ஸ் தொழிலால் வக்கீல், மனதால் டென்னிஸ்காரர். மகனுக்கு ராக்கெட் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். நாட்டுக்கு நாடு தனித்தனியாகக் கிடந்த டென்னிஸ் சங்கங்களை ஒரே அமைப்பாக்க வேண்டும் என்று முதலில் முயற்சி எடுத்தவரும் அவர்தான் என்று அந்த அமைப்பே இன்றும் சொல்கிறது. 1913 மார்ச் 1 அன்று பாரிஸில் 12 சங்கங்கள் கூடி அதைத் தொடங்கின. இன்றைய சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு அதுதான். அதைப் பார்க்க அவர் இல்லை.

அப்பாவும் மகனும் 1912 ஏப்ரல் 10 அன்று பிரான்ஸின் ஷெர்பூர்க் துறைமுகத்தில் முதல் வகுப்புப் பயணிகளாக ஏறினார்கள். மகனுக்கு 21 வயது. அமெரிக்காவில் அந்தக் கோடையில் சில போட்டிகள் ஆடுவது, பிறகு ஹார்வர்டில் சேர்வது என்பது திட்டம்.

கப்பல் மோதிய பிறகு நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவம் எல்லா இடத்திலும் வரும். ஓர் அறையின் கதவு சிக்கிக்கொண்டு உள்ளே ஒரு பயணி மாட்டிக்கொண்டார். வில்லியம்ஸ் தோளால் மோதிக் கதவை உடைத்து அவரை வெளியே எடுத்தார். அங்கே வந்த கப்பல் பணியாளர், கம்பெனிச் சொத்தைச் சேதப்படுத்தியதாகப் புகார் செய்வேன் என்று மிரட்டினாராம். கப்பலே போய்க்கொண்டிருக்கும்போது கதவுக்குக் கணக்கு!

கடைசியில் தண்ணீர் மேல்தளம் வரை ஏறியபோது அப்பாவும் மகனும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். முன்பக்கப் புகைபோக்கி சரிந்து விழுந்தது. அப்பா அதன் அடியில் போய்விட்டார். மகன் மயிரிழையில் தப்பினார்.

அடுத்து நடந்ததை அவரே, தன்னைப் போலத் தப்பிய கர்னல் கிரேசி என்பவருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். அலங்காரமே இல்லாத கடிதம். தண்ணீருக்கு மேலே வந்ததும் உடம்பில் இருந்த கனமான ஃபர் கோட்டைக் கழற்றி எறிந்தார், ஷூக்களையும் உதறினார். கொஞ்ச தூரத்தில் ஏதோ மிதந்தது. நீந்திப் போய்ப் பார்த்தால் கான்வாஸ் பக்கங்கள் வைத்த மடக்குப் படகு. பக்கங்களைத் தூக்கி நிறுத்துவதற்குள் கடல் அதை அடித்துக்கொண்டு போயிருந்தது, அதனால் படகுக்குள்ளேயே தண்ணீர். அதில் ஏறி நடுவில் நின்றார். இடுப்பளவு தண்ணீர், அதுவும் உறைநிலைக்கும் கீழே போயிருந்த உப்புத் தண்ணீர். சுமார் 30 பேர் அதைப் பற்றிக்கொண்டிருந்தார்கள் என்றும், அதிகாரி லோவின் படகு வந்து எடுத்தபோது 11 பேர்தான் உயிரோடு இருந்தார்கள் என்றும் எழுதுகிறார்.

அந்தக் கோட்டுக்கு ஒரு பின்கதை இருக்கிறது. மே மாதம் ஓஷனிக் என்ற கப்பல் நடுக்கடலில் அந்த மடக்குப் படகைக் கண்டெடுத்தது. உள்ளே மூன்று உடல்கள். கூடவே வில்லியம்ஸின் ஃபர் கோட்டும், ‘சி. வில்லியம்ஸ்’ என்று பெயர் பொறித்த ஒரு கைத்தடியும். உடனே சார்ல்ஸ் வில்லியம்ஸின் உடல் கிடைத்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது. அது அப்பா இல்லை என்று மகன் மறுக்க வேண்டியிருந்தது. கோட்டைத் தான் எறிந்தது நினைவிருக்கிறது, தடி எப்படி அங்கே வந்தது என்று தெரியவில்லை என்று கடிதத்தில் சொல்கிறார். அப்பாவின் உடல் கிடைக்காத ஒரு பையன், அந்தச் செய்தி பொய் என்று தானே எழுதி விளக்குகிறான். டைட்டானிக் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன், இந்தச் சில வரிகள் மாதிரி எதுவும் என்னைத் தொட்டதில்லை.

சரி, கார்பேத்தியாவுக்கு வருவோம். மணிக்கணக்கில் அந்தத் தண்ணீரில் நின்றதில் இரண்டு கால்களும் செத்துப்போன மாதிரி ஆகிவிட்டன. கப்பல் டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டையும் எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு என்றார். கால்கள் எனக்கு வேண்டும், எடுக்க விடமாட்டேன் என்று வில்லியம்ஸ் மறுத்துவிட்டார். பிறகு எழுந்து நடந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரி பகல் பாராமல், வலியோடு அந்தத் தளத்தில் நடந்தார். 18ஆம் தேதி கப்பல் நியூயார்க் வந்து சேர்ந்தது. கால்கள் பிழைத்துக்கொண்டன. (குளிரில் விறைத்த காலுக்கு நடப்பதுதான் வைத்தியம் என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைய டாக்டர்கள் அப்படிச் சொல்வதில்லை.)

அதே கார்பேத்தியாவில் இன்னொரு டென்னிஸ்காரர் இருந்தார். கார்ல் பெஹ்ர், நாடுகளின் அணிகள் மோதும் டேவிஸ் கோப்பையில் ஆடியவர், 26 வயது. ஹெலன் நியூசம் என்ற பெண்ணைக் காதலித்து, அவள் குடும்பத்தோடு பயணம் செய்த கப்பலிலேயே டிக்கெட் எடுத்து ஏறிவிட்டவர். அவர்கள் இருவரும் ஆரம்பத்திலேயே இறக்கப்பட்ட 5ஆம் எண் படகில், உடை நனையாமல் தப்பினார்கள். மறு ஆண்டு கல்யாணமும் ஆனது. பெஹ்ரும் வில்லியம்ஸும் பழகத் தொடங்கியது இந்த மீட்புக் கப்பலில்தான்.

அதே கோடையில் இருவரும் பாஸ்டன் பக்கம் லாங்வுட் போட்டியில் எதிரெதிரே நின்றார்கள். முதல் இரண்டு செட்டும் வில்லியம்ஸுக்கு. பெஹ்ர் விடாமல் திரும்பி வந்து ஐந்தாவது செட்டில் ஜெயித்தார். எனக்கு இதில் யார் ஜெயித்தார் என்பது பெரிதில்லை. ஏப்ரலில் வெட்டி எடுக்கச் சொன்ன கால்கள், சில மாதம் கழித்து ஐந்து செட் ஓடியிருக்கின்றன. அதே 1912இல் மேரி பிரவுனோடு சேர்ந்து அமெரிக்கத் தேசியக் கலப்பு இரட்டையர் பட்டத்தையும் வாங்கிவிட்டார்.

அப்புறம் வரிசையாக வெற்றிகள். 1913இல் டேவிஸ் கோப்பையை வென்ற அமெரிக்க அணியில் இருந்தார். 1914இல் நியூபோர்ட்டில் நடந்த தேசியப் போட்டியில், இன்றைய யுஎஸ் ஓப்பனின் முன்னோடி அது, காலிறுதியில் மறுபடியும் பெஹ்ர். டைட்டானிக்கில் தப்பிய இருவர் ஒரு நாட்டின் சாம்பியன் பட்டத்துக்கான காலிறுதியில் மோதியது வேறெங்கே நடந்திருக்கும்? இந்த முறை வில்லியம்ஸ் வென்றார். இறுதி ஆட்டத்தில் மாரிஸ் மெக்லாக்லினை 6-3, 8-6, 10-8 என்று நேர் செட்களில் சாய்த்துப் பட்டம் வாங்கினார். 1916இல் ஃபாரஸ்ட் ஹில்ஸில் பில் ஜான்ஸ்டனை ஐந்து செட்டில் வென்று இரண்டாவது முறை. அந்த ஸ்கோரில் மூன்றாவது செட்டைப் பாருங்கள், 0-6. ஒரு செட்டில் ஒரு கேம்கூட எடுக்காமல், அடுத்த இரண்டையும் எடுத்து ஜெயிப்பது அவர் பாணிக்கே உரியது.

அந்தப் பாணி என்னவென்றால், பந்து தரையில் பட்டு எழும்பும்போதே அடித்துவிடுவார். பின்னால் நகர்ந்து காத்திருக்கும் பழக்கம் கிடையாது. கோர்ட்டின் பின்கோட்டுக்கு உள்ளே நின்று, ஓரக் கோடுகளைக் குறிவைத்து, ஒவ்வொரு அடியையும் முழு பலத்தில். கை சேர்ந்த நாளில் அவரை யாராலும் தொட முடியாது. சேராத நாளில் சாதாரண ஆட்டக்காரரிடமும் தோற்றுவிடுவார். சாவைப் பார்த்துவிட்டு வந்தவன் எதற்கும் அஞ்சமாட்டான், அதனால்தான் இப்படி ஆடினார் என்று சிலர் எழுதுவதுண்டு. எனக்கு அது கட்டுரை அழகுக்காகச் சொன்னதாகப் படுகிறது. ரிஸ்க் எடுத்து ஆடுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள், அவர்கள் யாரும் கப்பலில் மூழ்கிவிட்டு வந்தவர்கள் இல்லை.

முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து பிரான்ஸில் பணியாற்றினார். பிரான்ஸ் அரசு க்ருவா த கேர், லீஜியன் ஆஃப் ஹானர் என்று இரண்டு விருதுகள் கொடுத்தது. திரும்பி வந்து 1920இல் சக் கார்லண்டுடன் விம்பிள்டன் இரட்டையர் பட்டம், 1925இலும் 1926இலும் வின்சென்ட் ரிச்சர்ட்ஸுடன் அமெரிக்க இரட்டையர் பட்டம். ஆட்டம் ஓய்ந்த பிறகு ஃபிலடெல்ஃபியாவில் முதலீட்டு வங்கித் தொழில். பென்சில்வேனியா வரலாற்றுச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை 20 ஆண்டுகளுக்கு மேல் வகித்தார். பழைய காகிதங்களையும் கடிதங்களையும் பாதுகாக்கும் வேலை அது, ஆனால் தன் சொந்தக் கதையை ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 1957இல் டென்னிஸ் புகழ்க்கூடத்தில் சேர்த்தார்கள். 1968 ஜூன் 2 அன்று, 77 வயதில் இறந்தார். பெஹ்ரை அதே புகழ்க்கூடத்தில் சேர்த்தது அதற்கு மறு ஆண்டு, பெஹ்ர் இறந்து 20 ஆண்டு கழித்து.

ஒரு ஆட்டத்தை மட்டும் நேரில் பார்க்கலாம் என்று யாராவது வரம் கொடுத்தால், நான் 1924 பாரிஸ் ஒலிம்பிக் கலப்பு இரட்டையர் இறுதியைக் கேட்பேன். வில்லியம்ஸுக்கு 33 வயது, ஜோடி ஹேசல் வைட்மேனுக்கு 37. அரையிறுதியில் வில்லியம்ஸின் கணுக்கால் பிசகிவிட்டது. விலகிவிடலாம் என்றார். வைட்மேன் கேட்கவில்லை. நீ வலைக்குப் பக்கத்தில் நின்றால் போதும், மீதிக் கோர்ட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அப்படியே ஆடி, சக அமெரிக்கர்களான ரிச்சர்ட்ஸ், மரியன் ஜெசப் ஜோடியை 6-2, 6-3 என்று வென்று தங்கம் வாங்கினார்கள். அந்த ஒலிம்பிக்கோடு டென்னிஸையே பதக்கப் போட்டிகளில் இருந்து எடுத்துவிட்டார்கள். 1988இல் திரும்பி வந்தபோதும் கலப்பு இரட்டையர் வரவில்லை, அது 2012 லண்டனில்தான் வந்தது. ஆக 88 ஆண்டுகள் ஒலிம்பிக் பதிவேட்டில் அந்தப் பிரிவின் கடைசி சாம்பியன்கள் என்ற இடத்தில் இருந்தது அந்த இரண்டு பேரின் பெயர்தான்.