எஃப் என்றால் ஃபெயிலா?

கேள்வி: வேலந்தாவளத்தில் கேரளப் பக்கம் 4,000 பிராய்லர் வளர்க்கிறேன். 24ஆம் நாள் முதல் கோழிகள் சாகின்றன. ஆய்வக அறிக்கையில் ‘ஈ.கோலை (பாக்டீரியா), ஃபைலோகுரூப் எஃப்’ என்று வந்தது. செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் என் மச்சானுக்கும் அதே ஹேச்சரிக் குஞ்சுதான். வேறு ஆய்வகத்தில் கொடுத்தார். அவருக்கு ‘ஏ’ என்று வந்தது. அவருக்குக் கேட்ட மருந்து எனக்குக் கேட்கவில்லை. ஏ வீரியமா, எஃப் வீரியமா? நோய் குஞ்சோடு வந்ததா?
– பெயர் வேண்டாம், வேலந்தாவளம்

பதில்: மார்க் ஷீட் மாதிரி படித்துவிட்டீர்கள். இந்த எழுத்து வீரியத்தைச் சொல்வதில்லை, வம்சத்தைச் சொல்கிறது. 28 வருஷம் ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் அகார் தட்டோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் ஈ.கோலையை அதன் மேல்சட்டையை, அதாவது வெளிப்பூச்சை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். சீரம் விட்டுப் பார்த்து ஓ1, ஓ2, ஓ78 என்று எழுதுவோம்; கோழி நோயில் அடிக்கடி அகப்படும் சட்டைகள் இவை. ஆனால் உறவே இல்லாதவனும் அதே சட்டையைப் போடலாமே! 2000இல் பிரான்ஸில் கிளெர்மோன்ட் குழுவினர் மூன்று மரபணுத் துண்டுகளை வைத்து ஈ.கோலையை நாலு வம்சமாகப் பிரித்தார்கள். 2013இல் நாலாவது துண்டையும் சேர்த்ததில் ஏ, பி1, பி2, சி, டி, ஈ, எஃப் என்று நீண்டது. பி.சி.ஆர். ஓட்டி அந்தத் துண்டுகளைப் பெருக்கி ஜெல்லில் பார்த்தால், இருக்கிற துண்டுகள் நீளத்துக்கு ஏற்ப 400, 288, 211, 152 என்ற அளவுகளில் கோடாக விழும். 400 மட்டும் விழுந்தால் ஏ. 288 மட்டும் விழுந்தால் எஃப். உங்கள் எழுத்து வந்த கதை அவ்வளவுதான். இதிலும் ஒரு சிக்கல்: 2019இல் எஃப்புக்கும் பி2வுக்கும் நடுவே ஜி என்று ஒன்றைப் பிரித்தார்கள். பல நாடுகளின் கோழிப் பண்ணைகளில் தலைகாட்டும் எஸ்.டி.117 என்ற கிளை அந்த வம்சம்தான் (எஸ்.டி. என்பது வம்சத்துக்குள் இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கும் எண்). அதற்கும் பழைய முறையில் பெரும்பாலும் 288 மட்டுமே விழும். ஆகவே உங்கள் எஃப் ஒருவேளை ஜியாக இருக்கலாம்.

எனக்கு உறுத்துவது மச்சானின் ‘ஏ’. மாதிரியை எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேளுங்கள். நன்றாக மேயும் கோழியின் குடலிலும் ஏ, பி1 வம்சங்கள் சாதாரணமாகக் குடியிருக்கும். நானே ஒரு முறை ஏமாந்தேன். காலையில் செத்த கோழி சாக்குப் பையில் மாலை நாலு மணிக்கு வந்தது. வயிறு பச்சையாகிவிட்டது. கல்லீரலைக் கீறித் தட்டில் வளர்த்து, வந்ததைக் குற்றவாளி என்று எழுதிக் கொடுத்தேன். குடலிலிருந்து ஊறி வந்த அப்பாவி அது. பண்ணைக்காரர் இரண்டு நாள் மருந்துச் செலவு செய்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இதயத்தின் மேல் பாலாடை போலப் படிந்திருக்கிறதே, அதற்கு அடியிலிருந்து எடுத்த மாதிரிதான் பேசும்.

குஞ்சோடு வந்திருந்தால் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தொப்புள் வீங்கிச் செத்திருக்கும். 24ஆம் நாள் என்றால் என் சந்தேகம் ஷெட்டின் மேல். விடியற்காலையில் உள்ளே நுழைந்ததும் கண் எரிகிறதா? அந்த அம்மோனியா மூச்சுக்குழாயின் மயிரிழைகளைத் தின்றுவிடும். அப்புறம் எந்த வம்சத்துக்கும் வழி திறந்ததுதான். தரையில் பரப்பிய தென்னை நார்க்கழிவைக் கிளறிவிடுங்கள், தண்ணீர்க் குழாயையும் கழுவுங்கள். அதற்காக ஹேச்சரியை முழுசாக விட்டுவிடவும் சொல்லவில்லை. தட்டில் நூறு கிருமிப் புள்ளி முளைத்தாலும் ஒன்றைத்தான் குத்தி எடுப்பார்கள், எழுத்து வேறாக வந்ததால் தொடர்பே இல்லை என்று ஆகாது. எழுத்து ஒன்றாகவே வந்திருந்தாலும் போதாது. ஏழு மரபணுக்களின் வரிசையைப் படித்து எஸ்.டி. எண்ணும் ஒத்துப்போனால்தான் பேச்சை ஆரம்பிக்கலாம்.

மருந்துக்கும் எழுத்துக்கும் நேரடிச் சம்பந்தமில்லை. மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் ஏறி ஒரு வம்சத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும். எந்த மருந்து கேட்கும் என்று சோதிக்கும் சென்சிடிவிட்டி பார்க்காமல் மச்சான் மருந்தை வாங்கியது வீண் செலவு. யாராவது கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கின் பழைய டப்பாவை நீட்டினால் வாங்காதீர்கள். கால்நடை, கோழி வளர்ப்பில் அதை 2019 ஜூலையிலேயே தடை செய்தாயிற்று.

அடுத்த முறை மருந்து தொடங்கும் முன்பே, அப்போதுதான் செத்த இரண்டு மூன்று கோழிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். மச்சானையும் அன்றைக்கே, அதே ஆய்வகத்துக்கு வரச் சொல்லுங்கள்.