குழாய்த் தண்ணீரைப் பரிசோதிக்க எங்கே, எப்போது மாதிரி எடுப்பது?

கேள்வி: சென்னை பெரம்பூரில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். மெட்ரோ வாட்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) விழுந்து, மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, பிறகு வீட்டுக் குழாய்க்கு வருகிறது. கோடையில் போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரையும் அதே சம்ப்பில் விடுகிறார்கள். சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வந்த ஒருவர் எங்கள் தண்ணீரில் ஒரு கருவியை வைத்துக் காட்டினார். இரண்டு நிமிடத்தில் அது சேறுபோல ஆகிவிட்டது. ஈயமும் ஆர்செனிக்கும் இருப்பதாகச் சொன்னார். முழுப் பரிசோதனைக்கு ஆய்வகத்தில் பல ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். நான்கு மாதக் குழந்தைக்கு இந்தத் தண்ணீரில்தான் பால்பவுடர் கரைக்கிறோம். எதைப் பரிசோதிப்பது?

பதில்: முதலில் அந்தச் சேற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் தண்ணீரில் வைத்தது மின்பகுப்புக் கருவி. அதன் இரும்புத் தண்டுகள் மின்சாரம் பாயும்போது கரைகின்றன. நீங்கள் பார்த்த பழுப்பு அந்த இரும்பின் துரு. ஆர்.ஓ. இயந்திரம், அதாவது சவ்வு வழியே உப்பை நீக்கும் சுத்திகரிப்பு இயந்திரம், தரும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாயாது, நிறமும் மாறாது. அதே ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டுவிட்டுக் கருவியை வைக்கச் சொல்லுங்கள், அதுவும் சேறாகும். ஈயத்தையோ ஆர்செனிக்கையோ இந்தக் கருவியால் காட்டவே முடியாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இப்படிப் பயமுறுத்தி விற்பது எனக்குக் கடும் கோபத்தைத் தருகிறது.

இன்னொரு கருவியான டி.டி.எஸ். மீட்டர் பொய் சொல்லாது. ஆனால் அது சொல்வது கரைந்த உப்புகளின் மொத்த அளவை மட்டும்தான். லிட்டருக்கு 150 மில்லிகிராம் என்று காட்டும் தண்ணீரில் சாக்கடைக் கிருமிகள் இருக்கலாம். 700 காட்டும் தண்ணீரில் கிருமியே இல்லாமலும் இருக்கலாம்.

குடிநீருக்கான நம் நாட்டுத் தரம் ஐ.எஸ். 10500. நிறம், மணம் தொடங்கிப் பூச்சிக்கொல்லி, கதிரியக்கம் வரை நீளமான பட்டியல் அதில் இருக்கிறது. 2019 நவம்பரில் அன்றைய மத்திய அமைச்சர் ராம்விலாஸ் பாஸ்வான் வெளியிட்ட ஆய்வு முடிவில், இந்தத் தரத்தின்படி மும்பையின் 10 மாதிரிகளும் தேறின. சென்னையின் 10 மாதிரிகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. சென்னை கடும் வறட்சியைக் கண்ட ஆண்டு அது. ஆனாலும் அந்த முடிவு உங்கள் வீட்டுக் குழாயைப் பற்றி எதையும் சொல்லாது. புழல், செம்பரம்பாக்கம், வீராணம், கிருஷ்ணா நீர், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் என்று நகருக்கு வரும் தண்ணீர் பல இடத்துத் தண்ணீர். எங்கிருந்து எவ்வளவு என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். அதனால் பட்டியல் முழுவதையும் ஒரே நாளில் பார்த்துப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். எந்த இடத்தில் எப்போது மாதிரி எடுக்கிறீர்கள் என்பதில்தான் பாதிப் பதில் இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு முதல் கவலை கிருமி. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குழாயில், தண்ணீர் நின்றதும் அழுத்தம் போய்விடுகிறது. பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் கசிந்தால், குடிநீர்க் குழாயின் விரிசல் வழியே அது உள்ளே இழுக்கப்படும். லைனில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுபவர்கள் தெருவில் இருந்தால் இது இன்னும் மோசமாகும். ஆகவே, தண்ணீர் வரும் நாளில் இரண்டு மாதிரிகள் எடுங்கள்: ஒன்று சம்ப்பில் விழுவதற்கு முன் தெரு இணைப்பிலிருந்து, மற்றொன்று சமையலறைக் குழாயிலிருந்து. இரண்டிலும் கழிவு கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியாக்களான ஈ.கோலை, கோலிஃபார்ம் பாருங்கள். 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதே விதி. தெருத் தண்ணீர் சுத்தமாகவும் சமையலறைத் தண்ணீர் கெட்டும் இருந்தால் குற்றவாளி உங்கள் சம்ப் அல்லது மாடித் தொட்டி. தெருவிலேயே கெட்டிருந்தால் ஆய்வக அறிக்கையுடன் மெட்ரோ வாட்டரின் 1916 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். அண்டை வீட்டார் சிலரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இந்த மாதிரியை மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். ஆய்வகத்திலிருந்தே கிருமி நீக்கிய பாட்டிலை வாங்குங்கள். அதற்குள் இருக்கும் சிறிதளவு தயோசல்பேட், தண்ணீரிலுள்ள குளோரினை முறிப்பதற்காகப் போடப்பட்டது. அதைக் கழுவிவிடக் கூடாது. குளோரினை முறிக்காவிட்டால் போகும் வழியிலேயே அது கிருமிகளைக் கொன்று, கெட்ட தண்ணீரை நல்ல தண்ணீராகக் காட்டிவிடும். குழாயின் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடியுங்கள். பனிக்கட்டி வைத்த பெட்டியில் ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுசேர்ப்பது நல்லது. 24 மணி நேரத்தைத் தாண்டினால் அந்த மாதிரியால் பயனில்லை.

எஞ்சிய குளோரினை மட்டும் குழாயடியிலேயே பார்க்க வேண்டும், ஏனென்றால் அது ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் குறைந்துவிடும். சிறிய நிறமாற்றக் கிட்கள் கடைகளில் கிடைக்கின்றன. லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். தெரு இணைப்பில் குளோரின் இருந்து சமையலறையில் துளியும் இல்லையென்றால், சம்ப்பையும் மாடித் தொட்டியையும் சந்தேகிக்க அதுவே ஒரு செய்தி.

அடுத்தது நைட்ரேட். குழந்தையை நினைத்தால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. நகரத்துப் போர் தண்ணீரில் கழிவுநீர் இறங்கி நைட்ரேட் கூடுவது சாதாரணம். வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம், இதில் தளர்வே கிடையாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் உடலில் இது நைட்ரைட்டாக மாறி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்றும் அளவுக்குச் சற்றுக் கூடவே செய்யும். ஆகவே முடிவு கைக்கு வரும்வரை, பால்பவுடர் கரைக்கப் போர் கலந்த தண்ணீரைத் தொடவே வேண்டாம். தெரு இணைப்பில் நேரடியாகப் பிடித்த மெட்ரோ தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பயன்படுத்துங்கள். நைட்ரேட்டுக்கான மாதிரியைப் போரிலிருந்து தனியாகவும், கலந்த பிறகு சமையலறையிலும், கோடையில் எடுங்கள். கூடவே டி.டி.எஸ்., கடினத்தன்மை, குளோரைடு, புளோரைடு, அம்மோனியா, இரும்பு பார்த்துவிடலாம். இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

ஈயத்துக்கு வழி வேறு. பெரும்பாலும் அது ஏரியிலிருந்து வருவதில்லை; பித்தளைக் குழாய், பழைய பி.வி.சி. குழாய் ஆகியவற்றிலிருந்து ஊறுகிறது. பி.வி.சி. குழாய்களில் ஈயம் சேர்ப்பதைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு விதிகள் 2021-ல்தான் வந்தன. பழைய கட்டடம் என்பதால் ஒருமுறை பார்ப்பது நியாயமே. ஆனால் இதற்குத் தண்ணீரை ஓடவிடக் கூடாது. இரவு முழுவதும் குழாயைத் திறக்காமல், காலையில் விழும் முதல் தண்ணீரை, ஆய்வகம் தந்த அமிலம் கழுவிய பாட்டிலில் பிடிக்க வேண்டும். கிருமிக்கும் ஈயத்துக்கும் ஒரே பாட்டிலில் மாதிரி எடுத்துச் செல்லும் ஆய்வகத்தை நம்பாதீர்கள். ஆர்செனிக் பெரிதும் கங்கைச் சமவெளி நிலத்தடி நீரின் சிக்கல். உங்கள் பட்டியலில் அது கடைசியில் வரட்டும்.

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்று கேட்டால் போதாது. உங்களுக்கு வேண்டிய அந்தப் பரிசோதனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கிருமிச் சோதனைக்குக் கிண்டி கிங் நிலையத்திலும் விசாரிக்கலாம்.

அறிக்கை வந்ததும் ‘கண்டறியப்படவில்லை’ என்ற வரியைப் பார்த்து உடனே நிம்மதி அடைந்துவிடாதீர்கள். எந்த அளவுக்குக் கீழே அவர்களால் கண்டறிய முடியாது என்ற எண் பக்கத்தில் இருக்கும். ஈயத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ‘0.05-க்குக் கீழ்’ என்று எழுதிய அறிக்கை உங்கள் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. வரம்பைப்போல் நான்கு மடங்கு ஈயம் இருந்தாலும் அந்த அறிக்கை அப்படியேதான் வரும். தரப்பட்டியலில் இரண்டு வரம்புகள் இருப்பதையும் கவனியுங்கள். டி.டி.எஸ்.-க்கு 500 ஏற்கத்தக்கது. 2000 என்பது வேறு தண்ணீரே கிடைக்காதபோது சகித்துக்கொள்ளும் எல்லை. 1,800 இருக்கும் போர் தண்ணீரைச் சிலர் ‘தரத்துக்குள்’ என்று சொல்வது இந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான்.

ஆர்.ஓ. வேண்டுமா என்பதை இந்த எண்கள் வந்த பிறகு முடிவு செய்யுங்கள். நைட்ரேட்டோ டி.டி.எஸ்.-ஸோ மிகுந்திருந்தால் அது தேவைப்படலாம். கிருமி மட்டும்தான் சிக்கல் என்றால் சம்ப்பைச் சுத்தம் செய்து, விரிசலை அடைத்து, போர் தண்ணீருக்குத் தனித் தொட்டி வைப்பதே முதல் வேலை. அந்தச் செலவை எல்லா வீடுகளும் பகிர்ந்துகொள்ளலாம். கழுவிக் குளோரின் போட்ட அன்றே மறுபரிசோதனை செய்தால் எந்தச் சம்ப்பும் தேறிவிடும். ஒரு வாரம் வழக்கம்போலப் பயன்படுத்திவிட்டு எடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் தெருவில் தண்ணீர் தேங்கிய பிறகு இன்னொரு முறை எடுங்கள்.